ஸ்பாய்லர் சொல்லாதவன்

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பட்டை போட்ட சுருள் ரொட்டியில் நடுச்சுருளை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டில் விட்டுவிடுவார்களே, அந்த ரகம். என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்களோ அதை ஓரத்திலிருந்து முறையாகச் சாப்பிட்டு வருகிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நானும் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் சிக்ஸ்டென். லூலியோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மாணவர் இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே படித்ததாகச் சொல்வார்கள். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

‘உப்புச் சிறகுகள்’ நாவல் தொடரை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், உங்கள் வயதுக்காரர்களுக்கானது இல்லை. ஐந்து பாகங்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். மிரேன் என்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு தோளில் மட்டும் உப்பால் ஆன சிறகு. அவளை இரண்டு பேர் காதலிக்கிறார்கள். இருவருக்கும் கன்ன எலும்பு நன்றாக இருக்கும். பறப்பதற்கு ஒரு சிறகு போதாதே என்று இரண்டாயிரம் பக்கமாக யாரும் கேட்பதில்லை. எனக்குத் தொடரில் ஆர்வமில்லை. அதைப் படிக்கிறவர்கள் மீதுதான் ஆர்வம்.

எங்கள் விடுதியில் ஒரு நடைக்கூடத்துக்கு ஒரு பொதுச் சமையலறை. எதிர் அறை யோர்தீஸ் அங்கே உட்கார்ந்து மூன்றாம் பாகம் படித்துக்கொண்டிருந்தாள். சாம்பல் கண் இளவரசன் துரோகம் செய்யும் இடம் வந்ததும் எழுந்துபோய், புத்தகத்தை உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலங்களுக்கு நடுவில் செருகிவிட்டு, “கொஞ்ச நாள் இங்கயே வெறச்சுக் கெட, நாயே” என்றாள். நான் அதைப் போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். ஊரே பார்த்தது. அப்படித்தான் தொடங்கியது.

அதன் பிறகு வழக்கமாகிவிட்டது. புதுப் பாகத்தை நான் முதலில் படித்து, எந்தப் பக்கத்தில் படிப்பவர் முகம் உடையும் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். ஜன்னல் திண்டில் பூந்தொட்டியில் சாய்த்துப் போனை வைப்பேன். ஒளித்து வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், பிறகு மறந்துவிடுவார்கள். என் விதி ஒன்றே ஒன்று. படிக்கிறவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியக்கூடாது. தெரிந்த முகம் நடிக்கும். தெரியாத முகம்தான் முகம்.

தூவா கடைசி அறையில் இருந்தாள். போன வருடம் பனி இளகும் காலத்தில் அவள் தம்பி ஆல்வே பனிவண்டியில் உறைந்த கடலைக் குறுக்கே கடந்தான். பனி தாங்கவில்லை. அவனுக்குப் பதினேழு வயது. எங்கள் பக்கத்தில் கடல்மேல் போகிறவர்கள் கழுத்தில் இரண்டு ஆணிப் பிடிகளை மாட்டிக்கொள்வார்கள். உள்ளே விழுந்தால் அவற்றைப் பனியில் குத்திக்குத்தி ஏறி வரலாம். ஆல்வேயுடையது அன்று வீட்டு வாசல் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இறுதிச் சடங்கு முடிந்ததும் தூவா அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கழற்றவே இல்லை.

இலையுதிர் காலம் முழுக்க யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சமையலறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். யோர்தீஸ்தான் ஒருநாள் முதல் பாகத்தை அவள் கதவடியில் வைத்துவிட்டு வந்தாள். சில நாள் கழித்துத் தூவா நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே உள்ளே வந்து நின்றாள்.

“அந்தச் சாம்பக் கண்ணு இளவரசன் இருக்கானே, அவன் ஒரு பொறுக்கி. மொத பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

“ஐயோ, உக்காரு தாயே, உக்காரு” என்று யோர்தீஸ் நாற்காலியை இழுத்தாள். மாதக்கணக்கில் அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது. அதன் பிறகு தினமும் வந்தாள். பக்கத்து அறை மால்தெ அவள் கழுத்தைக் காட்டி, “என்ன தூவா, சமையக்கட்டுத் தரை ஒடஞ்சிரும்னு பயமா?” என்று கேட்டான். அவளோ, “நீ தொடச்ச தரைதானேடா, எதை நம்புறது?” என்றாள். அந்தக் குளிர்காலத்தில் அதைவிட நல்லதாக எதுவும் நடக்கவில்லை. அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்ததாக நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். தூவா படிக்கும்போது உதடு லேசாக அசையும். கதையில் ஒருவர் பேசினால் அவளும் பேசுவாள். அப்படி ஒரு முகம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஐந்தாம் பாகம் வந்தது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் மிரேனின் தம்பி இலோ, உறைந்த ஏரி உடைந்து உள்ளே போய்விடுகிறான். அடியிலிருந்து பனியைத் தட்டுகிறான். மிரேன் மேலே அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடக்கிறாள். சத்தம் நிற்கும் வரை நடக்கிறாள். நன்றாக எழுதியிருந்தார்கள். அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான்.

எனக்கு அடுத்து முடித்தவள் யோர்தீஸ். நேராக என் அறைக்கு வந்தாள்.

“சிக்ஸ்டென், அவகிட்ட சொல்லிடணும்.”

“எத?”

“எதன்னு என்கிட்டயே கேக்குறியா? இலோ விஷயத்த.”

“ஸ்பாய்லர் ஆயிடும்.”

“செருப்பு பிஞ்சிரும். ஸ்பாய்லராம்ல.”

“கத்தாத. கேட்டுறப் போறா. நானே சொல்றேன், பக்குவமா. கூட்டமா போய் நின்னா பயந்துருவா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ஆனாலும் அவள் எங்கள் குரூப்பில் ஓர் எச்சரிக்கை போட்டாள். தூவா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். குரூப்புக்கு நான்தான் அட்மின். மறுநாள் யோர்தீஸ் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போனாள், நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையில்.

சனிக்கிழமை நல்ல வெயில். வெளியே பனி கண்ணைக் கூசச் செய்தது. தூவா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து வெந்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வரும். அந்தப் பக்கம் வந்தபோது அவள் உதடு நின்றுவிட்டது. இரண்டு கைகளும் தாமாக மேலே போய்க் கழுத்திலிருந்த பிடிகளைப் பற்றிக்கொண்டன. வீடியோவில் அந்த இடத்தைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அது என்ன நெக்லஸ், எங்கே கிடைக்கும் என்று கமெண்டில் கேட்டார்கள். இப்போது ரசிகர் கூட்டங்களுக்குப் பிளாஸ்டிக்கில் செய்து மாட்டிக்கொண்டு வருகிறார்களாம். ‘செத்துட்டேன்’ என்று பல பேர் எழுதியிருந்தார்கள். எழுதிய யாரும் சாகவில்லை.

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கம்பளிக் காலுறையோடு, மேல்கோட்டு இல்லாமல். எங்கள் முற்றத்தைத் தாண்டினால் கடல்.

நான் அவள் பின்னால் ஓடியதாக உங்கள் கோப்பில் இருக்கும். விடுதியிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மால்தெ என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தான். ஓடியது உண்மை. மார்ச்சில் அந்தப் பனி கார் போகும் அளவு தடிமன், அதனால் விழுந்துவிடுவாள் என்ற பயம் எனக்கு இல்லை. அவள் தலையைக் குனிந்தபடி நடந்தாள். நடப்பாள், நிற்பாள், காதைச் சாய்ப்பாள், மறுபடி நடப்பாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கொஞ்சம் இடைவெளி விட்டே போனேன்.

கடைசியில் அவளிடம் முதலில் போய்ச் சேர்ந்தது தூரத்தில் பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்து, “ஏன்டா தம்பி, நீ பக்கத்துலதானே வந்தே?” என்று கேட்டார். என் கையில் போன் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைத் தாங்கியபடி கரையை நோக்கி நடந்தார்.

குளிரில் விறைத்துச் செத்துப்போன இரண்டு விரல்களை அவள் வலது காலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் பெற்றோர் வந்து அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அவள் யாரோடும் பேசுவதில்லை, தங்களோடும்கூட, என்று அவள் அப்பா யோர்தீஸிடம் சொன்னாராம். வீடியோவை நான் நீக்கிவிட்டேன். அதற்குள் அது என்னுடையதாக இல்லை. விடுதியின் வெந்நீர்க் குழாய்கள் விட்டுவிட்டுத் தட்டும், பழைய கட்டடம். மற்றவர்களுக்குக் கேட்பதாகத் தெரியவில்லை. எனக்குக் கேட்கிறது.

எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அந்தச் சனிக்கிழமை படிக்கத் தொடங்கும் முன் தூவா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“சிக்ஸ்டென், ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல யாரு வேணா சாகட்டும், பரவால்ல. தண்ணிக்குள்ள யாராச்சும் போறாங்களா?”

அவள் கேட்டபோது உதடு நடுங்கவில்லை. பல நாள் யோசித்துவைத்த கேள்வி போல இருந்தது. ஆமாம் என்றிருந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்திருப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

“இல்ல” என்றேன். “யாரும் போகல.”

அவள் சிரித்தாள். “அப்ப சரி” என்றாள். போன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுத்தான் வீடியோவைப் போட்டேன்.

குற்றம் என்னுடையது. எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மால்தெக்குக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதலில் எழுதியவற்றுக்குச் சும்மா தலையாட்டினான். கடைசியாக எழுதியதில், ஆல்வே பெயர் வரும் இடத்தில், கடிதத்தை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரியாக வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. இதோ, அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் ஏற்பாடு செய்தால் நானே நேரில் கொடுக்கிறேன். எதுவும் பேசமாட்டேன். அவள் படித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தால் போதும்.