பழைய எஞ்சினின் கேம்ஷாஃப்ட்

ஐயா, உங்கள் ஜீப்பில் என்னைக் கூட்டி வந்தபோது ஒரு கிறீச் சத்தம் கேட்டது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக் காட்டுங்கள். என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

என் பட்டப்பெயர் அரைகுறை. வைத்தவர் அக்காவின் கணவர். நான் கை வைத்த வண்டியில் எப்போதும் ஒரு போல்ட்டாவது மிஞ்சும். அத்தான் அதை என் சட்டைப் பையில் போட்டு, "வெச்சுக்கடா அரைகுறை, உன் கல்யாணத்துக்கு ஆகும்" என்பார். அக்காவும் சிரிப்பாள். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள், சிரிக்கட்டும். அக்கா என்றால் எனக்கு உயிர்.

அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாற்றல் வந்தது. அக்காவும் போய்விடுவாள். நானோ வெந்நீர்கூட வைக்கத் தெரியாத தடியன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் காரில் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. பழைய வருட எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டினேன். அளவு அச்சு அசல் அதேதான். ஆனால் புது மாடலில் தண்டுக்குள் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் ஆயில் போகும். பழையதில் அந்த ஓட்டை கிடையாது. முதலில் சமர்த்தாக ஓடும், சூடேறியதும் இறுகிவிடும். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகும், ஸ்டீயரிங் திரும்பாது. மலை இறக்கத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்குத்தான் ஒரு போல்ட்டும் மிஞ்சவில்லை.

முதலில் அத்தான் மட்டும் தனியாகப் போவதாகத்தான் பேச்சு. கிளம்பும்போது பார்த்தால் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "புது வீட்டை ஒழுங்கு பண்ணிட்டு வந்துடறேன்டா. சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு."

ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், ஒரு நிமிஷம். அந்தக் கேம்ஷாஃப்ட்டு..."

"என்னடா அரைகுறை, இந்தத் தடவை எத்தனை போல்ட்டு மிச்சம்?"

அக்கா சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தான். பார்த்துப் போங்க" என்று கையை எடுத்துவிட்டேன்.

மாடல் தெரியாமல் மாட்டிவிட்டான், பாவம், கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதப் போவதாகச் சொன்னீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அப்படி எழுதாதீர்கள், ஐயா. அது அரைகுறை வேலை இல்லை. இரண்டு பேருமே பிழைக்கவில்லையே.