சாக மறுத்த ராஜா

மாலை ஐந்து நாற்பதுக்குத்தான் கோளாறு ஆரம்பித்தது. சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தின் வாசலில் வரிசையில் நின்றிருந்தேன். நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் பழைய நாடகமொன்றைக் கடலூர்க் குழு ஆறு மணிக்குப் போடுவதாக இருந்தது.

“ராஜா சாவ மாட்டேங்குறாரு மச்சான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னவர் ஒட்டுமீசை வைத்த தளபதி. எதிரே இயக்குநர்.

“ரெண்டாவது சீன்ல நீ குத்தணும்டா. அப்பதான நீ ராஜாவாவ முடியும்?”

“குமராட்சிலேருந்து அவரோட மாமியார் வராங்களாம். கடைசி வரைக்கும் நான்தான் ராஜான்னு அவுங்ககிட்ட சொல்லி வச்சிருக்காரு.”

“எட்டு மணிக்கு மண்டபத்த வுடணும். அவரு சாவலன்னா நாடகமே இல்ல.”

“கெஞ்சிப் பாத்துட்டேன். நாலு சீன் தள்ளிக் குத்துங்குறாரு.”

“அதுக்குள்ள உன்னயே ஒருத்தன் குத்திருப்பானேடா!”

வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காவலாளியாக வரும் என் மகளுக்கு ஒரே ஒரு வசனம்: “மன்னர் மாண்டார்!” மூன்று வாரமாக வீட்டில் எங்கள் காது கிழிந்திருக்கிறது. இதை எழுதும்போதும் படபடப்பு அடங்கவில்லை.

ராஜா கிரீடத்தோடு வாசலுக்கு வந்து சாலையை எட்டி எட்டிப் பார்த்தார்.

“மாமா, உள்ள வாங்க. மானம் போவுது,” என்றார் தளபதி.

“அவுங்க வரட்டும்டா.”

ஆறே காலுக்கு ஆட்டோவிலிருந்து மாமியார் இறங்கினார். ராஜா நெஞ்சை நிமிர்த்தினார்.

“மாப்ள, நீங்க சாவறதுதான் ஜோரா இருக்கும்னு எம் பொண்ணு சொன்னா. சீக்கிரமா செத்துருங்க, ஏழரைக்குக் கடைசி மினிபஸ்ஸு.”