ஒரு சொட்டும் சிந்தவில்லை

— என்னடா, காரு கழுவுற ஷெட்டுக்குள்ள கூலிங்கிளாஸ்? ஷூட்டிங் ஏதாவது நடக்குதா?

— சும்மாதான்க்கா. ஸ்டைலு.

— ஸ்டைலு... அந்த ஸ்டைலுலதான் வக்கீலம்மா காரை ரிவர்ஸ் எடுத்துத் தூண்ல தேச்சியா? கடை தொறந்த நாள்லேர்ந்து அதே எடத்துல நிக்கிற தூணுடா அது. நேத்து மட்டும் நகர்ந்து வந்துச்சோ?

— அதான் பாலிஷ் போட்டுக் குடுத்துட்டேன்ல. விடுக்கா.

— விட்டேன். மதியமானா மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியில புஸ்ஸு புஸ்ஸுன்னு தண்ணி அடிச்சுக்குவே. நேத்துலேர்ந்து அந்த அலங்காரமும் இல்ல. இந்தா, டீயப் புடி... டேய், டம்ளர் இங்க இருக்கு. நீ எங்க கையை நீட்டுறே?

— கண்ணாடி இருட்டா இருக்குல்ல, அதான்.

— கழட்டேன்.

— வேண்டாம்... அக்கா, ஒண்ணு கேக்கவா? சக்கரம் கழுவுற மருந்து இருக்குல்ல, அந்த காஸ்டிக் சோடா. அது மேல பட்டா என்னதான் ஆகும்?

— அடேங்கப்பா. இத்தனை வருஷமா அதுல கையை விட்டுக் கலக்கினவருக்கு இன்னைக்குச் சந்தேகம் வந்திருக்கு. கையுறை போடுடான்னா, 'விரல் வழுவழுன்னு சோப்புப் போட்ட மாதிரி நல்லாத்தான் இருக்கு'ன்னியே. அது சோப்பு இல்ல ராசா. உன் தோல்ல இருக்கிற கொழுப்பைத்தான் அது சோப்பாக்கிட்டு இருக்கு.

— கொழுப்பையா?

— உனக்கு நெறைய இருக்கு, தாங்கும்.

— கிண்டல் பண்ணாம சொல்லுக்கா.

— எஞ்சின்ல ஒட்டின கிரீஸு, சக்கரத்துல படிஞ்ச கருப்பு, எல்லாத்தையும் கரைக்கிற சாமான்டா. கிரீஸு எது, மனுசன் எதுன்னு அதுக்குத் தெரியுமா? வெயில்ல காய விட்டா அலாய் வீலையே திட்டுத் திட்டா வெளுக்க வச்சிடும். தண்ணியில மருந்தை ஊத்து, மருந்துல தண்ணிய ஊத்தாதே, கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். யாரு கேக்குறா?

— நீ மட்டும்தான் ஜாக்கிரதை.

— பின்னே? முந்தாநாள் மருந்து கேன் விரிசல் விட்டு ஒழுகுச்சே, நீயா இருந்தா தரை பூரா ஓட விட்டு வேடிக்கை பார்த்திருப்பே. நான் கைக்குக் கெடச்ச பாட்டில்ல எல்லாம் மாத்தி, அதது எடத்துல மாட்டி வச்சேன். ஒரு சொட்டு சிந்தல, தெரியுமா?

— பேரு எழுதி ஒட்டினியாக்கா, பாட்டில்ல?

— ஒட்டிக்கலாம்னு இருந்தேன்... பேச்சை மாத்தாதே. ஒரு வார்த்தை பாராட்டினியா நீ?

— ...கண்ணுல பட்டா?

— எது?

— அந்த மருந்துதான். சும்மா கேக்குறேன்.

— சும்மா கேக்குறானாம். கண்ணைத் தொறந்து வச்சு அரை மணி நேரமாவது குழாய்த் தண்ணியில கழுவணும். கழுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இல்லேன்னா பார்வை போக வேண்டியதுதான்... டேய்.

— கழுவினேன்க்கா. ரொம்ப நேரம் கழுவினேன்.

— கண்ணாடியக் கழட்டு.

— வெளிச்சம் படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

— கழட்டுடா... ஐயோ. என்னடா இது, இப்படிச் செவந்து கெடக்கு... நான் இந்தப் பக்கம் நிக்கிறது தெரியுதா?

— பொகை மாதிரி தெரியுது. போகப் போகத்தான் சொல்ல முடியும்கிறாரு. சரியாகலாமாம்.

— ஆகலாமாம்... ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியாடா? பயமா இருக்குடா எனக்கு. உனக்குன்னுதானே மூஞ்சிய மூடுற கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். அதைப் போட்டா அழகு கொறஞ்சிடுமா தொரைக்கு?

— போட்டுட்டுதான்க்கா வேலை செஞ்சேன்.

— பொய் சொல்லாதே. போட்டிருந்தா உள்ள எப்படிடா போகும்?

— வேலை முடிஞ்சுதான் கழட்டினேன். ஒரே வேர்வை. எப்பவும் போல மூஞ்சியில அடிச்சுக்கலாம்னு ஆணியில தொங்குற ஸ்பிரே பாட்டிலை எடுத்தேன்.

— அதுல எப்பவும் தண்ணிதானேடா இருக்கும்...

— நீ ஒரு சொட்டு கூடச் சிந்தலக்கா.