பதினேழாம் எண் கைப்பட்டை

டீச்சர், கண்காட்சி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டீர்கள். தையல் மிஷினில் உட்கார்ந்து பழகியவளுக்குப் பேனா பிடிப்பது கொஞ்சம் சிரமம். அதனால்தான் தாமதம், வேறு காரணம் இல்லை. நம் ஊர்க் கண்காட்சிக்கு இது இருபதாவது வருஷம், முதல் வருஷத்திலிருந்து தன்னார்வலர்களோடு இருப்பவள் நான், நானே எழுதினால்தான் பொருத்தம் என்று சொல்லியிருந்தீர்கள். சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் நம் ஆட்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். அறுபத்து நான்கு பேர். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. வருஷம் முழுக்க ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத தச்சரும் தபால்காரரும் அந்த இரண்டு நாள் மட்டும் ஒரே கம்பத்தை இரண்டு பக்கமும் பிடித்து நடுவார்கள். பேச்சு அப்போதும் கிடையாது, கம்பம் மட்டும் நேராக நிற்கும். காய்கறி மேசையில் பூசணி எடை போடும் முடிதிருத்துபவர், தன் மாமனார் கொண்டுவந்த பூசணியைக்கூட இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பார். அதற்காக அவர் வீட்டில் பட்ட பாடு ஊருக்கே தெரியும். வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று கை காட்டும் மனிதருக்கு மறுநாள் கையைத் தூக்க முடியாது. இவர்களெல்லாம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் புல்வெளி, அவ்வளவுதான்.

என் வேலை பலகை. மலர் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக விளக்கிச் சொல்கிறேன். மைதானத்தின் வாசலில் என் மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் அறுபத்து நான்கு ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் எண் தைத்த ஒரு கைப்பட்டை. தைத்ததும் நான்தான். வேலைக்குப் போகிறவர் தன் பட்டையைத் தானே எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். சாப்பிடப் போனாலும் சரி, வீட்டுக்குப் போனாலும் சரி, திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அந்த இடத்தில் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். ஆணியில் பட்டை தொங்கினால் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நான் சிவப்புக் கொடியைத் தூக்குவேன், மைக்கில் பேசுகிறவர் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார். பதினெட்டு வருஷம் நான் அந்தக் கொடியைத் தூக்கியதே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

மாட்டு டாக்டரைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். நல்ல மனிதர். நடுராத்திரியில் மாட்டின் வயிற்றில் கன்று திரும்பிக்கொண்டது என்று கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வருவார். நம் ஊருக்கு மாற்றலாகி வந்த மூன்றே வருஷத்தில் கண்காட்சிக் குழுவுக்குத் தலைவரானார் என்றால் அது அவருடைய குணத்துக்குத்தான். போன வருஷம் கண்காட்சிக்கு முன் நடந்த கூட்டத்தில் அவர் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "எல்லாருக்கும் கையில போன் இருக்கு. இன்னும் ஆணி, பட்டைன்னு எதுக்கு? அக்காவும் எத்தனை வருஷம்தான் அந்த மேசையிலேயே உக்காந்திருப்பாங்க, பாவம். அடுத்த வருஷம் விருந்தாளியா வந்து ஜாலியா சுத்திப் பாக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நடந்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிடுவீர்களோ என்பதால்தான் இதை முன்னாலேயே சொல்கிறேன். முடிச்சு ஒன்றும் இல்லை.

இனி போன வருஷக் கண்காட்சி.

காளை அணிவகுப்பு பதினோரு மணிக்கு. காளைகள் கட்டியிருக்கும் பட்டியிலிருந்து அணிவகுப்பு நடக்கும் வட்டத்துக்கு வர ஒரு குறுகலான சந்து உண்டு, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கட்டை வேலி. சந்தின் நடுவில் ஒரு குறுக்குக் கதவு. காளைகள் ஒவ்வொன்றாக வரும். ஒரு காளை கதவைத் தாண்டியதும் கதவை மூட வேண்டும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் டாக்டர் குந்தி உட்கார்ந்து அதன் கால்களையும் குளம்பையும் பார்த்துவிட்டு வட்டத்துக்குள் விடுவார். பிறகுதான் அடுத்த காளைக்குக் கதவு திறக்கும். டாக்டரின் முதுகு எப்போதும் கதவுப் பக்கம்தான் இருக்கும். கதவுக்காரர் வேலிக்கு வெளியே, தூண் மறைவில் நின்று கதவை இழுப்பார். அவர் எண் பதினேழு. பள்ளி பஸ் ஓட்டுநர்தான் ஏழு வருஷமாகப் பதினேழு.

பத்தே முக்காலுக்கு அவர் என் மேசைக்கு ஓடி வந்தார். "அக்கா, வீட்ல அவளுக்கு மூச்சு வாங்குதாம். மருந்து எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். வேற யாரையாவது நிறுத்துங்க" என்று பட்டையை அவிழ்த்தார். அவசரத்தில் ஆணியில் மாட்டவில்லை, என் கையில் கொடுத்தார். "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போனார்.

அந்தப் பட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

மாற்று ஆட்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். என் மேசைக்குப் பத்தடி தள்ளி மரத்தடியில் மூன்று பேர் வெட்டியாக உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, பட்டை கட்டி, நோட்டில் குறித்து, மைதானத்தின் அந்தக் கோடிக்கு அனுப்ப எப்படியும் கால் மணிக்கு மேல் ஆகும். அணிவகுப்பு பதினொன்றுக்குத் தொடங்காது. அன்று பார்த்து வெளியூர் விருந்தாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையால்தான் தாமதம் என்று ஒரு பேச்சு கிளம்பும். பதினெட்டு வருஷத்தில் வராத பேச்சு. ஓட்டுநர் எப்படியும் திரும்பி வந்துவிடுவார் என்றும் நினைத்தேன். நியாயமான நினைப்புதானே?

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் சந்துக்குள் போகும் முன் என் மேசைப் பக்கம் வந்தார். பலகை வேண்டாம் என்று பேசியவர்தான், ஆனாலும் அதைப் பார்க்காமல் அவர் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. பதினேழாம் ஆணியைப் பார்த்தார். காலியாக இருந்தது. "பதினேழு நிக்கிறாரா அக்கா? இப்ப அவர ரோட்டுப் பக்கம் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

"ஆள் இருக்கு டாக்டர்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர் அவர் ஒருவர்தான், அவரும் இல்லை.

என் மேசையிலிருந்து வேலிக் கட்டைகளின் இடுக்கு வழியாகச் சந்து தெரியும். முதல் காளையை அதன் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டி வந்தார். டாக்டர் குந்தி உட்கார்ந்தார். பின்னால் கதவு திறந்தே கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது காளையை அவிழ்த்து வந்தவர், கதவு திறந்திருந்ததால் உள்ளே விடலாம் போலிருக்கிறது என்று நினைத்து நடத்திக்கொண்டு வந்தார். அவர் மேல் தப்பில்லை, திறந்த கதவுக்கு வேறு என்ன அர்த்தம் அவருக்கு? சிவப்புக் கொடி என் வலது கைப்பக்கம் இருந்தது. எடுத்தேன். கையில் வைத்திருந்தேன். தூக்கினால் மைக்கில் பேசுகிறவர் கத்தியிருப்பார், ஆட்கள் ஓடியிருப்பார்கள், டாக்டர் வேலி மேல் ஏறியிருப்பார். தூக்கினால், ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். பதினேழில் ஆள் இல்லையென்றால் பதினேழாம் பட்டை எங்கே என்று கேட்பார்கள். அது என் மடியில் இருந்தது.

ஒரு சின்னக் கலவரம் நடக்கும் என்றுதான் நினைத்தேன். மாடு பின்னால் வந்து மூச்சுவிடும், டாக்டர் துள்ளிக் குதித்து வேலியைப் பிடிப்பார், கூட்டம் சிரிக்கும். அவர் பொறுப்பில் இருக்கும் இடத்தில் ஒரு குளறுபடி. விருந்தாளிகள் எதிரில் முகத்தில் கொஞ்சம் அசடு வழியட்டும், அவ்வளவுதான். சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை. மைக் திடீரென்று கீச்சிட்டது. இரண்டாவது காளை மிரண்டு, பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. முன்னால் நின்ற காளை திரும்பியது. சந்து குறுகல் என்று முன்பே சொன்னேன். டாக்டர் இரண்டுக்கும் நடுவில் இருந்தார். அவருக்கு எழுந்திருக்கவே நேரம் இல்லை. மைதானத்தை விட்டு ஆம்புலன்ஸ் வெளியே போகும் முன்பே உயிர் போய்விட்டது.

ஓட்டுநர் மருந்துப் புட்டியோடுதான் திரும்பி ஓடி வந்தார், ஞாபகமா? சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருந்தது. "பட்டைய அக்காகிட்ட குடுத்துட்டுத்தானே போனேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை டீச்சர், வாயே திறக்கவில்லை. காலியாக இருந்த ஆணியைக் கையால் காட்டினேன். அது போதுமாக இருந்தது, பட்டையைத் தராமலே போய்விட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷம் பொய் சொல்லாத பலகை. விசாரிக்க வந்த அதிகாரியும் அதையே எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதவரை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தின் சார்பில் நீங்களே பஸ் சாவியை வாங்கிக்கொண்டீர்கள். இப்போது தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறார். வீதியில் அவர் வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வருஷம் பெருக்குகிற வேலையாவது கொடுங்கள் என்று அவர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை நீங்கள் என்னிடம்தான் காட்டினீர்கள். "ஊர் ஒத்துக்காது டீச்சர்" என்றேன். மலரில் அறுபத்து மூன்று படம் போதும் என்று அப்போதுதான் முடிவானது.

அவர் மனைவி இரண்டு மாதம் முன்னால் என் தையல் கடைக்கு வந்தாள். கையில் துணி எதுவும் இல்லை. "அக்கா, அன்னிக்கு இருந்த சந்தடியில உங்களுக்கு மறந்திருக்கும். நான் தப்பா சொல்லல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அக்கா. அவரு தூங்கறதே இல்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது அவளுக்கு. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "யோசிச்சுப் பாக்கறேம்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேசையில் எங்களுக்கு நடுவில், நான் ஊசி குத்தி வைக்கும் துணிப்பொதி இருந்தது. பதினேழாம் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி அதற்குள்தான் திணித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதில்தான் ஊசி குத்துகிறேன். அன்று அவள் போன பிறகு கடையை மூடிவிட்டு இருட்டில் உட்கார்ந்து, நீ ஒரு பாவி என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். மறுநாள் அவள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று சுற்றுவழியாகக் கடைக்கு வந்தேன். இப்போதும் அப்படித்தான் வருகிறேன்.

ஆகவே டீச்சர், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கதவில் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆள் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னவள் நான். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு தூக்காமல் இருந்தவள் நான். ஓட்டுநர் மேல் எள்ளளவும் குற்றம் இல்லை. என் மேசையை என்னிடமிருந்து எடுக்கப் பார்த்தார் என்ற கோபம் எனக்கு டாக்டர் மேல் இருந்தது. முடிச்சு இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுகிறேன். ஊர் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்லவும் தயார், எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளவும் தயார்.

போன இரண்டு தடவை எழுதியதைவிட இந்தத் தடவை தெளிவாக வந்திருக்கிறது. உறையில் போட்டு ஒட்டியும்விட்டால் என் மனசு லேசாகிவிடும். ஆனால் நாளை மறுநாள் கண்காட்சி. இதை இப்போது உங்கள் கையில் கொடுத்தால் அறுபத்து மூன்று பேரின் உழைப்பும் வீணாகும். டாக்டர் பெயரில் வைத்திருக்கும் காளைப் பரிசும் நின்றுபோகும். இருபது வருஷத் தன்னார்வலர் என்று கேடயத்தில் என் பெயரைப் பொறித்து வேறு கொண்டுவந்துவிட்டார்கள், மேடையில் கூப்பிடும்போது வரமாட்டேன் என்றால் உங்களுக்குத்தானே அவமானம். மலருக்கு வேறு ஒரு பக்கம் தனியாக எழுதித் தருகிறேன், அதில் நம் ஆட்களைப் பற்றிய நல்ல வார்த்தைகள் மட்டும் இருக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்து, பந்தலைப் பிரித்து, விருந்தாளிகளும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த உறையை நானே வந்து கொடுக்கிறேன். ஒரு வருஷம் பொறுத்த அந்த ஓட்டுநர், இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டாரா என்ன?