தனியா வந்தவங்களுக்கு இல்ல

— தர மாட்டேன் லைல். இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.

— என் கடை பாபி இது. வாசல் போர்டுல என் பேரு இருக்கு.

— இருக்கு. நேத்து அடிச்ச காத்துல அதுல பாதி எழுத்து பறந்துடுச்சு. ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

— அந்த ஒன்பதாம் நம்பர் துப்பாக்கி மட்டும் எடு. ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாத்துட்டுத் தந்துடறேன். அதை வித்துடலாம்னு இருக்கேன். விக்கறதுக்கு முன்னாடி சரியா இருக்கான்னு பாக்கணும். அதான் விஷயம்.

— தாராளமா வித்துக்கோங்க. நானே சுட்டுப் பாத்து, துடைச்சு, எண்ணெய் போட்டு வைக்கறேன்.

— நான் பாக்கணும்னு சொல்றேன்.

— வாடகைத் துப்பாக்கி கேக்கறீங்க. கூட யாரும் இல்லாம வந்திருக்கீங்க. கிடையாது. உங்க முதுகுக்குப் பின்னாடி சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு, திரும்பிப் படிங்க.

— படிக்க வேண்டாம். எழுதினவனே நான்தான்.

— ரொம்ப நல்லதாப் போச்சு. விளக்கிச் சொல்ற வேலை எனக்கு மிச்சம்.

— அது ஊரு பேரு தெரியாம வர்றவங்களுக்கு. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கவுண்டர்ல நின்னவனுக்கு இல்ல.

— முதலாளிக்கு மட்டும் விலக்குன்னு அதுல ஒரு வரி இருக்கா என்ன? நான் பாத்ததில்லையே.

— மறந்துட்டேன்.

— அப்ப உக்காந்து எழுதுங்க பாஸ். பேனா இந்தாங்க. எழுதி, ஜாய்ஸ்கிட்ட காட்டி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. உங்க பொண்டாட்டிக்கும் இதுல பாதிப் பங்கு இருக்கு.

— சிரிக்க வைக்கப் பாக்கற.

— பாக்கறேன். நடக்கல. முன்னல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சிரிச்சுடுவீங்க.

— என்னமோ போ.

— காபி ஊத்தட்டுமா? காலையில போட்டது, கொஞ்சம் கருகியிருக்கும்.

— ஊத்து. எல்லாம் ஒண்ணுதான். சூடு தெரியுது. ருசிதான் தெரியல.

— எவ்வளவு நாளா?

— என்ன எவ்வளவு நாளா?

— ருசி தெரியாம.

— கணக்கு வச்சா பாப்பாங்க? வெயில் காலத்துலேர்ந்துன்னு வச்சுக்கோ.

— பெல்ட்ல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்க. ஆணியால குத்தினீங்களா? கோணலா இருக்கு.

— உனக்குக் கண்ணு ரொம்பதான் கூர்மை.

— அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க. வர்ற ஆளோட முகத்தைப் பாரு, கையைப் பாரு, எப்படிக் கேக்கறாங்கன்னு பாருன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. இருங்க, போன் அடிக்குது. ஹலோ, பிரான்வோல்ட் துப்பாக்கி சுடுதளம், பாபி பேசறேன்... ஆமா, திறந்துதான் இருக்கு, அஞ்சு மணி வரைக்கும்... வாடகைக்கு உண்டு... எத்தனை பேரு வரீங்க?... ஓ, நீங்க மட்டும்தானா. சொந்தத் துப்பாக்கி இருக்கா?... இல்லையா. இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?... அப்படின்னா இன்னிக்கு முடியாதுங்க. தனியா வர்றவங்களுக்கு வாடகைக்குத் தர்றதில்ல... இல்லங்க, உங்களைத் தப்பா நினைக்கல. யாரா இருந்தாலும் இதேதான். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, அந்த ஆளுக்கு அரை மணி நேரம் இலவசம்... யாரும் இல்லையா? வியாழக்கிழமை சாயங்காலம் புதுசாக் கத்துக்கறவங்களுக்கு வகுப்பு இருக்கு, ஏழெட்டு பேர் வருவாங்க. அதுல சேந்துக்கோங்க, பக்கத்துலயே வாத்தியார் இருப்பாரு... சரிங்க. பேரு எழுதிக்கட்டுமா?... ம், எழுதிட்டேன். அதுக்குள்ள மனசு சரியில்லாம இருந்தா, யார்கிட்டயாவது பேசணும்னு தோணினா, ஒரு நம்பர் இருக்கு, மூணே எண்தான், ஒன்பது எட்டு எட்டு. எல்லார்கிட்டயும் சொல்றதுதான், கோச்சுக்காதீங்க... சரி, வியாழக்கிழமை பாப்போம்.

— திட்டினானா?

— கொஞ்சம். அப்புறம் பேரு குடுத்தான்.

— வருவானா?

— தெரியாது. வரலாம். இப்ப நீங்க சொல்லுங்க. உங்க வீட்டு அலமாரியில பதினோரு துப்பாக்கி இருக்கு. உங்க அப்பாவோடது, நீங்க மான் வேட்டைக்கு எடுத்துட்டுப் போறது எல்லாம். கைக்கு எட்டற தூரத்துல அத்தனை இருக்கறப்ப, இருபது மைல் வண்டி ஓட்டிட்டு வந்து என்கிட்ட ஏன் கேக்கறீங்க?

— அதெல்லாம் இப்ப வீட்டுல இல்ல.

— எங்க போச்சு?

— டுவேன் வீட்டுல. ஜாய்ஸோட தம்பி. அவன்கிட்ட பெரிய இரும்புப் பெட்டி இருக்கு. ஆகஸ்ட்லயே கொண்டு போய்க் குடுத்துட்டேன்.

— எதுக்கு?

— வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன், இடைஞ்சலா இருக்குன்னு சொன்னேன்.

— அடிச்சீங்களா?

— இல்ல.

— டுவேன் ஒண்ணும் கேக்கலையா?

— அவனும் பெயின்ட் என்ன ஆச்சுன்னு கேக்கல. பெட்டியைத் திறக்கற நம்பரையும் எனக்குச் சொல்லல. ரெண்டு மூணு தடவை சுத்தி வளைச்சுக் கேட்டுப் பாத்தேன். பேச்சை மாத்திடறான்.

— அவனை நான் இவ்வளவு நாளா மக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— நானும்தான்.

— போன வாரம் ரூபனுக்கு உங்க படகைக் குடுத்தீங்க. என் புருஷன் சின்னப் பிள்ளை மாதிரி வாசல்ல போட்டுத் தொடைச்சுட்டே இருக்கான். நான் அப்பவே யோசிச்சேன். இந்த மனுஷன் அந்தப் படகுல இன்னொருத்தன் கால் வைக்கக்கூட விடமாட்டாரே, எப்படித் தூக்கிக் குடுத்தாருன்னு.

— மீன் பிடிக்கற ஆசை போயிடுச்சு.

— வேற எந்த ஆசை இருக்கு?

— கேள்வி கேட்டுட்டே இருக்க பாபி.

— இங்க வேற யாரும் இல்லையே. செவ்வாய்க்கிழமை காலை, ஒரு ஈ காக்கா கிடையாது. அந்தப் பொண்ணா லைல்? மாரிஸா?

— அவ பேரைச் சொல்லாத.

— சொல்லாம சொல்லாமத்தானே ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வந்துடுச்சு.

— நீ அன்னிக்கு லீவு.

— ஆமா. பல்லு பிடுங்கப் போயிருந்தேன்.

— நீ இருந்திருந்தா குடுத்திருக்க மாட்ட.

— குடுத்திருப்பேன். அப்ப இந்த விதியே கிடையாது. பணிவான பொண்ணு, அடையாள அட்டை சரியா இருக்கு, சும்மா கத்துக்கணும்னு சொல்றா. கண்ணை மூடிட்டுக் குடுத்திருப்பேன். நீங்க குடுத்தீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

— அவ்வளவுதானா வித்தியாசம்? நான்தான் எப்படி நிக்கணும்னு காட்டிக் குடுத்தேன். சத்தம் கேக்காம காதுக்கு மாட்டறதை அவ தலைக்குச் சரியா இறுக்கி விட்டேன். சுவத்துல மாட்டியிருக்கற அந்தக் கடமான் தலையைப் பாத்து இதுக்குப் பேரு உண்டான்னு கேட்டா. கவர்னர்னு பேரு, எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதுன்னேன். சிரிச்சா பாபி. நல்லா வாய்விட்டுச் சிரிச்சா. கடைசியா அவளைச் சிரிக்க வச்ச ஆளு நான்தான். அப்புறம் நான் காபி எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு.

— இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— அவ அப்பாகிட்ட. ஜூன்ல வந்தாரே.

— வந்தாரா? இங்கயா? என்கிட்ட சொல்லவே இல்ல.

— நீ வங்கிக்குப் போயிருந்த. உயரமான ஆளு, ரயில்வேல வேலை. தொப்பியைக் கையில வச்சுட்டு நின்னாரு. என்னை அடிக்கத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைசியா ஏதாவது சொன்னாளான்னு மட்டும் கேட்டாரு. கவர்னர் விஷயத்தைச் சொன்னேன். காட்டுங்கன்னாரு. காட்டினேன். பத்து நிமிஷம் அந்த மான் தலையவே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் எனக்குக் கை குடுத்துட்டுப் போயிட்டாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அந்தக் கைதான் போகமாட்டேங்குது. கழுவறேன், கழுவறேன், அங்கயே இருக்கு.

— லைல், என்னைப் பாருங்க. சுவத்தைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க.

— பாத்துட்டுத்தானே இருக்கேன்.

— சுகாதாரத் துறையிலேர்ந்து ஒரு அம்மா வந்து நமக்கு வகுப்பு எடுத்தாங்களே, சந்தேகம் வந்தா மென்னு முழுங்காதீங்க, நேரா கேட்டுடுங்கன்னு. கேக்கறேன். தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கறீங்களா?

— நல்லாப் பாடம் படிச்சிருக்க.

— பதில் சொல்லுங்க.

— ம்.

— ‘ம்’னா?

— ஆமான்னு அர்த்தம்.

— இன்னிக்கா?

— இன்னிக்குத்தான்.

— சரி. சரி... ஆமான்னு பதில் வந்தா நமக்கே இப்படி ஆகும்னு அந்த அம்மா சொல்லவே இல்ல.

— உக்காரு. விழுந்துடப் போற.

— உக்கார மாட்டேன். துப்பாக்கி இருக்கற இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடிதான் நிப்பேன். வேணும்னா என்னைத் தள்ளிட்டு எடுத்துக்கோங்க.

— உன்னைத் தள்ளவா போறேன்.

— தள்ளவும் முடியாது. மாசக்கணக்கா ஒழுங்காச் சாப்பிடாத ஆளு நீங்க. நான் காலையில மூணு முட்டை தின்னுட்டு வந்திருக்கேன்.

— அழற பாபி.

— அழுதுட்டுப் போறேன். உங்களுக்கு அழுகை வருதா?

— வரல. அதுதான் கஷ்டம். துக்கமா இருந்தாக்கூடப் பரவாயில்ல, துக்கப்படறேன்னு ஆயிடும். ஒண்ணுமே இல்ல. பல்லுக்கு ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகும் பாரு, கிள்ளினாலும் தெரியாது, அப்படி. உள்ள முழுக்க. பேத்தி மடியில வந்து உக்காந்தா, பாரம் தெரியுது. பேத்தின்னு தெரியல.

— அந்த ஊசி மரப்பு போயிடும் லைல். எனக்குப் போச்சே.

— பல்லு வேற.

— வேறதான். ஆனா என் தங்கச்சிக்கு இருந்தது பல்லு இல்ல. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் எட்டு மாசம் நீங்க சொல்ற மாதிரியேதான் இருந்தா. குழந்தையைக் கையில வச்சுட்டு, இது யாருதுன்னு கேட்டா. அப்புறம் டாக்டர், மாத்திரை, வாரா வாரம் போய்ப் பேசறது. இப்ப என்னைப் பாத்து நாட்டாமை பண்ணாதேங்கறா. சண்டை போடறா. அவ சண்டை போடறப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?

— எவ்வளவு நாள் ஆச்சு அவளுக்கு?

— ஒரு வருஷத்துக்கு மேலயே. பொய் சொல்ல மாட்டேன், சட்டுனு ஆகல.

— ஒரு வருஷம்.

— ஒரே மூச்சுல ஒரு வருஷத்தைப் பாக்காதீங்க. இன்னிக்கு மட்டும் பாருங்க. இன்னிக்கு இந்தப் பெட்டி திறக்காது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது, அதை நான் பண்ணிடுவேன்.

— பிடிவாதக்காரி.

— ஆமா. கடையைச் சாத்தறேன். உங்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஜாய்ஸுக்குப் போன் போடணும்.

— போடாத.

— போடுவேன். அவங்க வேலை பாக்கற ஸ்கூல் சமையக்கட்டுக்குப் போட்டா கூப்பிட்டு விடுவாங்க.

— பாபி, போடாதேன்னு சொல்றேன்.

— நீங்க சொன்னா கேக்கற நிலைமையில நான் இல்ல. ஐயோ, இது யாரு வெளிய ஹாரன் அடிக்கறது? இந்த நேரம் பாத்தா கஸ்டமர் வரணும்! இன்னிக்குக் கடை இல்லன்னு சொல்லிட்டு வரேன். நீங்களும் என்கூடவே வாங்க, உங்களை இங்க தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்.

— கஸ்டமர் இல்ல.

— பின்ன?

— ஜாய்ஸ். ராத்திரி எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன். பையில துணியெல்லாம் எடுத்து வச்சு, ஆஸ்பத்திரிக்குத்தான் அழைச்சுட்டுப் போறா. வழியில வண்டியை நிறுத்தச் சொல்லி, கடைச் சாவியை உன்கிட்ட குடுத்துட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு இறங்கினேன். நீ உள்ள இருக்கன்னுதான் விட்டா. குடுக்கத்தான் வந்தேன் பாபி, சத்தியமா. உள்ள வந்து அந்தப் பெட்டியைப் பாத்ததும் வாய் வேற எதையோ கேட்டுடுச்சு. இந்தா சாவி, பிடி.