திம்பத்து மஞ்சில் மெய்யான ஒரு சொல்

கோவை மலர்க்கொடி மோட்டார் சர்வீசின் போக்குவரத்துக் கண்காணிப்பாளர், சூலூர் திரு. சுந்தரராஜுலு அவர்கள் பணி ஓய்வு பெறும் நன்னாளில், ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தோழர் அனைவரும் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.
1964, தைத் திங்கள்.

வளைந்து வளைந்து வானேறும் பாதைக்கு வாழ்வின் பாதியை வழங்கியவரே! காக்கிச் சட்டைக்குள்ளே கனிந்த நெஞ்சைக் காத்துவைத்த கண்ணியரே! கைக்கு உறுதியைக் காட்டிலும் நாவுக்கு நேர்மையே முதலில் வேண்டும் என்று நடந்து காட்டிய நல்லவரே! சூலூர் பெற்றெடுத்துத் திம்பம் மலை தத்தெடுத்துக்கொண்ட எங்கள் ஐயா சுந்தரராஜுலு அவர்களே!

வணக்கம்.

எண்ணெய் மணக்கும் இந்தப் பணிமனைக்குள் மாலை வெயில் சாய்ந்து வருகிறது. கழுவி நிறுத்திய வண்டிகளின் கண்ணாடிகளில் மேகங்கள் மிதக்கின்றன. கண்ணை ஒரு கணம் மூடினால், நாங்கள் இங்கே இல்லை. மலையடிவாரப் பன்னாரியைத் தாண்டி, மூங்கிற் காட்டின் மூச்சு முகத்தில் மோத, வளைவுக்கு மேல் வளைவாக, தரையை விட்டு விலகித் தூக்கத்துக்குள் ஏறுவதுபோல் ஏறிக்கொண்டிருக்கிறோம். பயணிகள் கண்ணயர்ந்திருக்கிறார்கள். மலைப்பனியின் வெண்புகையாய் மஞ்சு சன்னலுக்குள் வந்து அவர்கள் மடியில் அமர்கிறது. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து, தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். எங்கள் நினைவில் தங்களுக்கு என்றும் அந்த இருக்கைதான்!

ஐயா! இந்நாட்டு உழைப்பாளியின் நாக்குக்கு நெடுங்காலமாக ஒரு பாடம் புகட்டப்பட்டிருக்கிறது. "எனக்கென்னங்க தெரியும்?" "என்ற தலையெழுத்து இவ்வளவுதானுங்க." தொட்டிலில் கேட்டான், களத்துமேட்டில் சொன்னான், ஆலை வாசலில் அதையே முணுமுணுத்தான். சொல்லிச் சொல்லியே தன் முதுகைத் தானே வளைத்தான். தாழ்வைத் தினந்தோறும் உருப்போட்டவன் தாழ்ந்து போனான் என்றால், உயர்வை உருப்போட்டவன் ஏன் உயரமாட்டான்? தாங்கள் கேட்ட கேள்வி இது! கேட்டதோடு நிற்கவில்லை. பணிமனை வாயிலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதன் பக்கத்துச் சுவரில் நீல வண்ணத்தில் மூன்று வரிகள் எழுதுவித்தீர்கள்: "எனக்குப் பயமில்லை. என் கை நடுங்காது. எந்த வளைவும் எனக்கு எளிது." மலை ஏறும் ஒவ்வோர் ஓட்டுநரும் அந்தக் கண்ணாடி முன் நின்று, தன் முகத்தைப் பார்த்து, அதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும்.

எங்கள் சங்கத்தில் சலசலப்பு எழுந்தது. பழைய மந்திரத்தை மூட்டை கட்டி அனுப்பியவர்கள் நாங்கள். புதிய மந்திரத்தை இவர் கொண்டுவந்து இறக்குகிறாரே என்று பொங்கினோம். தாங்கள் சங்கக் கூட்டத்துக்கே வந்து சொன்ன விடை இன்றும் எங்கள் காதில் இருக்கிறது: "மந்திரஞ் சொன்னா வேற யாரோ வந்து செய்யோணும். இதைச் சொன்னா நானே செய்யோணும். அவ்வளவுதானுங்க வித்தியாசம்." கை தட்டினோம். கலைந்தோம்.

மூத்த ஓட்டுநர் அழகிரிசாமிக்கு அந்த மூன்று வரியும் பலித்தது. அவர் ஏற்கெனவே மலையை வென்றவர், மறந்திருந்த வெற்றியைச் சுவர் நினைவூட்டியது, சீட்டியடித்துக்கொண்டே ஏறினார். ஆனால், தோழர் சென்னிமலைக்கு?

காங்கேயத்துக்காரர் சென்னிமலை, மூன்று பிள்ளைகளின் தந்தை, பெட்ரோலுக்குப் பதில் கரிக்கட்டையில் வண்டி ஓடிய காலத்திலிருந்தே ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்த கை அவருடையது. ஓர் ஐப்பசி மாலை, திம்பம் வளைவொன்றில், மூங்கில் ஏற்றிய லாரி மேலிருந்து இறங்கி வந்தது. வழிவிடுவதற்காக அவர் வண்டியைப் பின்னால் நகர்த்தினார். நனைந்த மண் சரிந்தது. பின்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. நடத்துநர் அப்துல் முத்தலிப் பாய்ந்து கட்டை போட்டார். பயணிகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் தப்பினார்கள். சென்னிமலையின் கைகள் மட்டும் அந்த வளைவிலேயே தங்கிவிட்டன. மறுவாரம் வளையத்தைத் தொட்டார். விரல்கள் வேப்பிலைபோல் ஆடின.

"பொங்கலுக்குள்ளே மலை லைனை எடுக்கோணும். இல்லாட்டி வண்டி கழுவற பக்கம் போயிரச் சொல்லு" என்றார் மேலாளர் கோபாலசாமி. ஓட்டுநர் என்ற பெயரைத் தவிர உலகில் வேறு பெருமை தேடாத மனிதருக்கு அது சாதாரணத் தண்டனையா?

சென்னிமலை சுவரை நம்பினார். எவரையும்விட உரக்கச் சொன்னார். "எனக்குப் பயமில்லை!" என்பார், கண்ணாடிக்குள் இருந்த சென்னிமலை நம்பாமல் விழிப்பார். "என் கை நடுங்காது!" என்பார், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கை நடுங்கத் தொடங்கும். இன்னும் சத்தம் போட்டார். வீட்டில் சொன்னார், கிணற்றடியில் சொன்னார், சாப்பாட்டுத் தட்டின் முன் சொன்னார். சொல்லச் சொல்ல, தனக்குள்ளே பொய்ச்சாட்சி ஒருவன் கூண்டில் ஏறி நின்று கூவுவதுபோல் அவருக்கு இருந்தது.

ஒரு நாள் காலை அவருடைய துணைவியார் குழந்தையம்மாள் இந்தப் பணிமனை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டருங்க, நீங்கதானுங்களா எங்கூட்டுக்காரருக்கு அந்தப் பாட்டச் சொல்லிக் குடுத்தது?"

"பாட்டு இல்லீங்கம்மணி. மனசுக்குத் தைரியம்..."

"தைரியமுங்களா? விடிஞ்சா எந்திரிச்சா பயமில்லை, பயமில்லைன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தா, யாரோ நம்மளக் கூப்பிடறாங்கன்னு பயம் வந்து எட்டிப் பாக்காதுங்களா? எங்கூட்டு நாய்கூட அவரு கொரலுக்கு ஒளிஞ்சுக்குதுங்க!"

பணிமனையே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. நீல எழுத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஐயா, அறிவு எந்த வாயிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்பவரைத்தான் பகுத்தறிவாளர் என்கிறோம்! மேடையில் முழங்கும் நாங்கள் தவறவிட்ட அந்த இடத்தைக் குழந்தையம்மாள் தொட்டார், தாங்கள் தலைவணங்கினீர்கள்.

அன்று பிற்பகல், நின்றிருந்த ஒரு வண்டியில் சென்னிமலையை அமர்த்தி, பின்னால் தாங்கள் அமர்ந்தீர்கள்.

"பயமில்லைன்னு சொல்லாதே."

"பயமிருக்குதுன்னு சொல்லட்டுங்களா?"

"இருந்தாச் சொல்லு. அப்பறம், கையி என்ன செஞ்சுதோ அதை மட்டும் சொல்லு. நடந்ததைச் சொல்லு, கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல்லு வேண்டாம்."

"ஹாரன் அடிச்சேன். கியர் எறக்கினேன். எடப்பக்கம் இருக்கறேன்."

"பொய்யா?"

"இல்லீங்க. நெசந்தானுங்க."

முதலில் பணிமனைக்குள், பிறகு சத்தியமங்கலம் சாலையின் சமவெளியில், பிறகு மலையடிவாரத்தில். அந்தச் சின்னஞ்சிறு மெய்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. செயலுக்கு முன்னே ஓடிய சொல் அவரை ஏமாற்றியது. செயலோடு சேர்ந்து நடந்த சொல் அவருக்குத் தோள் கொடுத்தது. கையில் இருக்கும் திறமையை எழுப்புகிற சொல் பலிக்கும். நெஞ்சில் இருக்கும் நடுக்கத்துக்குத் திரை போடுகிற சொல் பலிக்காது. இந்த வேறுபாட்டைத்தான் தாங்களும் சென்னிமலையும் சேர்ந்து கண்டெடுத்தீர்கள்.

மார்கழி பிறந்தது. விடியற்காலை வண்டி. தாளவாடித் திருமணத்துக்குப் போகும் பெண்வீட்டார் வாழைத்தாரும் பாத்திரமுமாக ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் சென்னிமலை, பின்னிருக்கையில் தாங்கள். கீழ் வளைவுகள் ஒவ்வொன்றும் கனவில் கடப்பதுபோல் கடந்தன. உறக்கத்தில் ஒரு குழந்தை சிரித்தது. மேலே ஏற ஏற, மஞ்சு மலையைக் கரைத்துக் குடித்தது. மரம் மறைந்தது. பள்ளம் மறைந்தது. பாதையோரம் நட்டிருக்கும் வெள்ளைக்கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து, விளக்கொளியில் முகம் காட்டிவிட்டுப் போயின. அவற்றை எண்ணித்தான் வண்டி நகர்ந்தது. ஒரு வளைவின் வாயில் அந்தக் கற்களும் மறைந்துபோயின.

"அடுத்த வெள்ளைக்கல்லுத் தெரியலீங்க" என்றார் சென்னிமலை. "நிக்கறேன்."

நிறுத்தினார். முத்தலிப் இறங்கிக் கட்டை போட்டார்.

ஐயா, அந்தக் கணத்தில் தங்கள் உதடு பிரிந்ததை முத்தலிப் பார்த்திருக்கிறார். "உன்னால முடியும், போ" என்று பழைய சுவர் தங்கள் வாய்க்குள் வந்து நின்றதாகப் பின்னாளில் தாங்களே சொன்னீர்கள். ஆனால் தங்கள் கண் அவருடைய கைகளின் மேல் விழுந்தது. வளையத்தின் மேல் அவை இரண்டு புறாக்கள்போல் அமைதியாக இருந்தன. விபத்துக்குப் பின் முதல்முறையாக, நடுக்கம் இல்லை! தாங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். தங்கள் பேச்சுகளிலெல்லாம் சிறந்தது, எங்களைக் கேட்டால், அதுதான்!

வண்டிக்குள் மௌனமா இருந்தது? மணப்பெண்ணின் அத்தை ராசம்மாள் எழுந்து நின்றார்.

"ஏனுங்க டிரைவருங்க, எருமையே ஏறிப்போற மலையில பஸ்சு ஏறாதுங்களா? முகூர்த்தம் போயிருச்சுன்னா நீங்க வந்து தாலி கட்டுவீங்களா?"

"எனக்கு ஊட்டுல ஒருத்தி இருக்கறாளுங்கம்மணி. அவளுக்கு வாக்கப்பட்டதே போதுமுங்க."

வண்டி குலுங்கிச் சிரித்தது. ஆனாலும் "கோழை" என்று பின்வரிசையில் ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. சென்னிமலை திரும்பவில்லை. மஞ்சு தானாக விலகும்வரை நின்றார். விலகியது. முன்னால் சாலை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. சரிந்த பாறை இல்லை. யானை இல்லை. எதிர்வண்டி இல்லை. எதுவுமே இல்லை!

(முகூர்த்தம் கடந்தது, இராகு காலம் குறுக்கே வந்தது, எல்லாம் முடிந்த பிறகே மாலை மாறியது. அந்த இணையர் தாளவாடியில் இரண்டு குழந்தைகளோடு இனிதே வாழ்கிறார்கள் என்பதையும், சென்னிமலை வண்டியைக் கண்டால் மறித்து வாழைப்பழம் கொடுக்கிறார்கள் என்பதையும், நல்ல நேரம் பார்ப்போரின் மேலான கவனத்துக்கு வைக்கிறோம்.)

கோவை திரும்பியதும் மேலாளர் அறைக்கு அழைப்பு வந்தது. சென்னிமலை தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார். வளையம் கையை விட்டுப் போகிறது என்றே அவர் எண்ணினார்.

"கல்லு கெடந்துதா? யானை நின்னுதா? ஒண்ணுமில்லாத ரோட்டுல எதுக்கய்யா நிறுத்தினான்? பயந்தானே?" என்று மேலாளர் தங்களைக் கேட்டார்.

தாங்கள் சொன்னீர்கள்: "பயம் இருந்துதுங்க. கையி நடுங்கலீங்க. ஒண்ணுமில்லைங்கறது மஞ்சு வெலகினப்பறந்தானுங்க எங்களுக்கும் தெரிஞ்சுது. நம்பிக்கை இல்லாட்டி நாளைக்கு நீங்களே ஒருக்கா வாங்க. அவரு வண்டியில முன்னாடி உக்காருங்க."

வந்தார்! மப்ளர் சுற்றி, வெந்நீர்ப் புட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். அதே வளைவு. அதே மஞ்சு, ஆனால் சற்றே மெல்லியது. "நிறுத்து! நிறுத்தப்பா! புள்ளைகுட்டிக்காரன்யா நான்!" என்று அலறியவர் யார் என்பதை நாங்கள் சொல்லமாட்டோம். முன்வரிசையில் அமர்ந்து இப்போது முகம் சிவக்கச் சிரிப்பவரைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சென்னிமலை சொன்னது இவ்வளவுதான்: "இந்த வெள்ளைக்கல்லுத் தெரியுதுங்க. அடுத்ததுந் தெரியுதுங்க. போலாமுங்க."

போனார். அன்று முதல் திம்பம் பாதை அவருடையது.

அந்த வாரமே சுவரின் நீல வரிகளுக்குத் தாங்கள் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னீர்கள். "அவனவன் நெசத்தை அவனவன் சொல்லிக்கட்டும்" என்றீர்கள். கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தீர்கள். மழைக்காலத்தில் சுண்ணாம்பு நனையும்போது பழைய எழுத்து அடியிலிருந்து மங்கலாக மிதந்து வரும். தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்ட ஒரு மனிதரின் பெருமைக்கு அதைவிட அழகிய கல்வெட்டை எந்த அரசன் வெட்டினான்?

ஐயா, இனி ஒரு குற்றச்சாட்டு. கடந்த சில நாட்களாக, யாரும் இல்லை என்று எண்ணி, அந்தக் கண்ணாடி முன் நின்று, "ஓய்வு எனக்கு இன்பம், ஓய்வு எனக்கு இன்பம்" என்று தாங்கள் சொல்லிப் பார்த்ததை முத்தலிப் கேட்டுவிட்டார். கேட்டவர் சும்மா இருப்பாரா? பணிமனை முழுக்கப் பரப்பிவிட்டார். கண்ணாடிக்குள் இருந்த முகம் அதை நம்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான்!

வேண்டாம் ஐயா. தங்கள் பாடத்தைத் தங்களுக்கே திருப்பித் தருகிறோம். இன்பம் என்று சொல்லாதீர்கள். நாளை காலை, எழுந்தேன் என்று சொல்லுங்கள். வாசலில் நின்றேன், சத்தியமங்கலம் வண்டியின் ஹாரன் கேட்டது, மனம் கனத்தது என்று சொல்லுங்கள். பிறகு, காப்பிக்கொட்டை அரைத்தேன் என்று சொல்லுங்கள்; அரைக்கும் பொறியின் கைப்பிடியைத் தங்களிடம் ஒப்படைக்க தங்கள் துணைவியார் ரங்கநாயகி அம்மையார் ஆயத்தமாக இருக்கிறாராம். ஒரு மெய்க்குப் பின் ஒரு மெய்யாகச் சொல்லுங்கள். இன்பம் வரும் நாளில், அதையும் சொல்லலாம்.

நாங்களும் பொய் சொல்லமாட்டோம். தாங்கள் பிரிவதில் வருத்தமில்லை என்று இந்த மேடையில் முழங்கமாட்டோம். வருந்துகிறோம். கண் கலங்குகிறது. இருந்தும் கை நடுங்காமல் இந்த மடலைப் பிடித்திருக்கிறோம்.

மூங்கிற் காட்டுக் காற்றுப்போல் தங்கள் மூச்சு நெடிதாகுக! காலும் கண்ணும் தங்களுக்கு நெடுநாள் தோழமை காட்டுக! தாங்கள் நடக்கும் தெருவெல்லாம் நிழலாகுக!

வெளியே வண்டி நிற்கிறது. தங்களைச் சூலூர் வீட்டு வாசல் வரை கொண்டுசேர்க்கத் தோழர் சென்னிமலை வளையத்தின் முன் அமர்ந்துவிட்டார். பின்னிருக்கை தங்களுக்காகக் காலியாக இருக்கிறது. மேற்கே மலைப்பக்கம் மஞ்சு இறங்குகிறது. இங்கே சாலை தெளிவாக இருக்கிறது.

அடுத்த வெள்ளைக்கல் தெரிகிறது, ஐயா. போகலாம்.

தங்கள் சொல்லின் மெய்யறிந்த,
மலர்க்கொடி மோட்டார் சர்வீஸ்
ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தோழர்கள்,
கோயமுத்தூர்.