‘அட்மிட்’ பண்ணிய அன்பருக்கு

ஜொகூர் மாநிலத்தின் கூலாயிலும் தம்போயிலும் சிதறிக் கிடந்த எங்களை ஒரே திரையில் கூட்டிய குணக்குன்றே! மைக்கை மூடச் சொல்லியும் மனத்தைத் திறந்தே வைத்த மாண்பாளரே! நம் தமிழ்ப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் திருமிகு சுகுமாறன் அவர்களே! பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் முழங்கிய தங்களை, பெருந்தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாடு கைப்பேசித் திரைக்குள் அடைத்தது. அங்கும் தாங்கள் அடங்கினீர்களா? ‘ஹோஸ்ட்’ என்றால் வீட்டுக்காரர் என்று பொருள்கொண்டு, வந்தவர் ஒவ்வொருவரையும் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்காமல் கூட்டத்தைத் தொடங்க மறுத்தீர்கள். ‘மியூட்’டுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர் சூட்டி, அதைத் தாங்களே போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அருந்தமிழ் பொழிந்தீர்கள். திரையைப் பகிர்கிறேன் என்று சொல்லி, பூண்டும் புளியும் வாங்கி வரச் சொன்ன துணைவியாரின் வாட்சாப் செய்தியைப் பகிர்ந்தீர்கள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

எனினும், ஏற்றமிகு தங்கள் பிழைகளுள் ஈடிணையற்றது ஒன்று உண்டு. கணவரை இழந்து தம்போயில் தனித்து வாழும் ராஜம்மா ஆசிரியை, கணினி கைவராமல் கலங்கி, காலத்துக்கு முன்பே ஓய்வு பெற முடிவு செய்திருந்த நேரம் அது. ஒருநாள் கூட்டத்தின் காத்திருப்பு அறையில் அவர் நெடுநேரம் சிக்கிக்கொண்டார். அவரை உள்ளே சேர்க்கும் ‘அட்மிட்’ பொத்தானை ஒருவழியாக அழுத்திய களிப்பில், இன்னும் கூட்டத்தில் சேராத எங்களுக்கு வாட்சாப் குழுவில் தாங்கள் எழுதினீர்கள்: “ராஜம்மா டீச்சர அட்மிட் பண்ணிட்டேன். யாரும் கவலைப்படாதீங்க.”

பெருந்தொற்றுப் பரவிய அந்நாளில், அச்சொல்லுக்கு மருத்துவமனை தவிர வேறு பொருள் எங்களுக்குத் தோன்றவில்லை. லோஷினி ஆசிரியை தேம்பினார். குணாளன் ஆசிரியர் எந்த வார்டு என்று பலரை அழைத்துக் கேட்டார். விவரம் கேட்கவென்று அடித்துப் பிடித்துக் கூட்டத்துக்குள் நுழைந்தால், திரையில் ராஜம்மா ஆசிரியை தேநீரோடு அமர்ந்திருக்கிறார்!

“அலமாக்! என்னை எந்த ஆஸ்பத்திரியில சார் அட்மிட் பண்ணீங்க? நான் வீட்டுலதான் இருக்கேன் லா!” என்று சிரித்தவர், அழுது வீங்கிய எங்கள் முகங்களைக் கண்டதும் தாமும் அழுதார். “எனக்கு யாருமில்லன்னு நெனச்சிட்டேன். வேலைய விட்டு நான் எங்கயும் போகல,” என்றார். அன்று தொட்டு மாலைதோறும் அவரை அழைத்து, சினக்காமல் சலிக்காமல் ஒவ்வொரு பொத்தானாகப் பழக்கிய தங்கள் பொறுமையை எவ்வாறு புகழ்வோம்!

கூட்டத்தை நடத்துபவர் தம் பொறுப்பை மற்றொருவருக்குக் கைமாற்றாமல் கிளம்பினால், கூட்டமே முடிந்துவிடும் என்பது அம்மென்பொருளின் விதி. சென்ற வாரம் தாங்கள் பொறுப்பைக் கைமாற்றிவிட்டு ‘லீவ்’ அழுத்தினீர்கள். திரையில் தங்கள் கட்டம் மறைந்த பின்னும் நாங்கள் யாரும் ‘லீவ்’ அழுத்தவில்லை.

பெருந்தகையீர்! நோயற்ற உடலும் நிறைந்த உறக்கமும் பெற்று, துணைவியாரோடும் மக்களோடும் தாங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டுமென நெஞ்சார வேண்டுகிறோம். கூட்டம் குறையின்றி நடக்கிறது. தாங்கள் தந்த பொறுப்பை ஏற்று நடத்துபவர் ராஜம்மா ஆசிரியை. இம்மடலைத் தங்கள் முன் நின்று படித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

தங்களைப் பிரிய மனமின்றி,
ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்
கூலாய் மாவட்டம், ஜொகூர்